ஆங்கிலச் சொல்வளம்: நம் இளைஞர்கள் கடக்க வேண்டிய வாயில்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கடந்தகாலச் சாதனைகளைப் பேசுவது மரபு. எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்போ நாளைய தேவையைப் பற்றியது. வெளிநாட்டுக் கல்விக்கும் வேலைக்கும் வேண்டப்படும் ஆங்கிலத் திறன் தேர்வுக்கு நம் பிள்ளைகள் சொல்வளம் பெருக்குவது எவ்வாறு என்பதே அது. கேட்பதற்குச் சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆனால் நம் சமுதாயத்தின் எத்தனையோ அறிவுள்ள பிள்ளைகள் இந்த ஒரு வாயிலின் முன் வந்து திரும்பிப் போகிறார்கள் என்பதை எண்ணும்போது, இதைச் சிறிய பொருள் என்று ஒதுக்கிவிட முடியாது.

1913-ஆம் ஆண்டில் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அன்று அத்தகைய வாய்ப்பு ஒரு மன்னரின் நல்லெண்ணத்தைப் பொறுத்திருந்தது. பின்னர், பட்டியல் சாதி மாணவர்கள் முதலானோர் அயல்நாடுகளில் உயர்கல்வி பெறுவதற்கென மைய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1954-55-இல் பிறந்தது. ஆகவே இன்று நாம் மன்னர் எவரையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால் முதலில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டும். இடம் கிடைக்க வேண்டுமானால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும்.

செவிலியர் பயிற்சி முடித்த நம் பெண்களுக்கும் இதே நிலைதான். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள விரும்புபவர் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை எழுதினால், படித்தல், கேட்டல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7 மதிப்பெண்ணும், எழுதுதலில் 6.5 மதிப்பெண்ணும் பெற வேண்டும். கையில் நல்ல தொழில் இருந்தும், அரை மதிப்பெண் குறைவால் வாயில் அடைபட்டுப் போகிறது. தேர்வுக் கட்டணமோ பதினைந்தாயிரம் ரூபாய்க்கும் மேல். கூலி வேலை செய்யும் குடும்பம் ஒன்று இத்தொகையை எத்தனை முறை கட்ட முடியும்? ஆகவேதான் பணம் கட்டுவதற்கு முன்பே ஆயத்தமாக வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

தேர்வு எதைக் கேட்கிறது?

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு 1989 முதல் இப்பெயரில் நடைபெற்று வருகிறது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். உயர்கல்விக்குரிய தேர்வின் படித்தல் பகுதியில் மூன்று நெடிய கட்டுரைகள், நாற்பது வினாக்கள், அறுபது நிமிடங்கள். எழுதுதல் பகுதியில் 150 சொற்களில் ஒன்றும் 250 சொற்களில் மற்றொன்றுமாக இரண்டு எழுத்துப் பணிகள். பேசுதல் பகுதி 11 முதல் 14 நிமிடங்கள் வரை ஒரு தேர்வாளரோடு நேருக்கு நேர் உரையாடுவது. எழுதுவதற்கும் பேசுவதற்கும் மதிப்பெண் இடும்போது நான்கு அளவுகோல்களை வைத்துப் பார்க்கிறார்கள். அந்நான்கில் ஒன்று சொல்வளம். அதாவது இவ்விரு பகுதிகளிலும் நேரடியாகவே கால்பங்கு மதிப்பெண் சொல்வளத்துக்கு உரியது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய விரும்புகிறேன். சொல்வளம் என்றவுடன் எவருக்கும் புரியாத அரிய சொற்களை மனப்பாடம் செய்து கட்டுரையில் தூவுவது என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. தேர்வாளர் பார்ப்பது, சொல் பொருத்தமாக இருக்கிறதா, இயல்பாக இருக்கிறதா, ஒரே சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் கருத்தை மாற்றிச் சொல்ல வருகிறதா என்பதைத்தான். இரவல் நகையைப் பூட்டிக்கொண்டு திருமணத்திற்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். சொந்தமாக ஒரு சிறு தோடு இருந்தாலும் அது நமக்கு அழகு.

படித்தல் பகுதியிலும் சோதிக்கப்படுவது இதுவே. கட்டுரையில் 'டிக்ளைன்' என்று இருக்கும். வினாவில் 'ஃபால்' என்று கேட்பார்கள். கட்டுரையில் 'சில்ட்ரன்' என்றிருப்பது வினாவில் 'தி யங்' என்று வரும். கேட்டல் பகுதியில் விடையின் எழுத்து பிழையாக இருந்தால் மதிப்பெண் போய்விடும். 'அக்காமடேஷன்' என்ற சொல்லுக்கு இரண்டு 'சி', இரண்டு 'எம்' என்பதும், 'கவர்ன்மெண்ட்' என்ற சொல்லில் 'எம்' எழுத்துக்கு முன் ஓர் 'என்' உண்டு என்பதும் கைப்பழக்கமாக வேண்டும்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

ஆங்கிலம் கடல், அதைக் குடித்துத் தீர்க்க முடியாது என்று மலைத்து நிற்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன்.

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வங்காளத்தில் டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்கப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் கற்றும் ஒரு நூலைத் தாமாகப் படிக்க இயலாமல் நிற்பதைக் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்தார். என்றோ ஒருநாள் வரும் அரிய சொற்களைப் பாடநூல்கள் பிள்ளைகள் மேல் சுமத்தின. நாள்தோறும் வரும் சொற்கள் உறுதிப்படவில்லை. இதற்கு மாற்றாக அவர் எளிய வாசிப்பு நூல்களை எழுதினார். பின்னர் 1953-இல், ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியலை வெளியிட்டார்.

அதன்பின் 2000-ஆம் ஆண்டில், நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் என்ற பெண் ஆய்வாளர் மற்றொரு பட்டியலை வெளியிட்டார். பல துறைகளின் கல்வி நூல்களிலிருந்தும் கட்டுரைகளிலிருந்தும் 35 இலட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பை ஆராய்ந்து, வெஸ்டின் 2,000 சொற்களுக்கு அப்பால், எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வரும் 570 சொற்குடும்பங்களை அவர் பிரித்தெடுத்தார். அந்தத் தொகுப்பில் நூறு சொற்களை எடுத்தால் ஏறத்தாழ 76 சொற்கள் வெஸ்டின் பட்டியலைச் சேர்ந்தவை. 10 சொற்கள் காக்ஸ்ஹெட்டின் பட்டியலைச் சேர்ந்தவை. எஞ்சியவை அந்தந்தத் துறைக்குரிய சொற்கள், பெயர்கள், அரிய சொற்கள்.

நண்பர்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு 86 சொற்கள் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் சொற்குடும்பங்களுக்குள் அடங்கிவிடுகின்றன! இவை தேர்வு நடத்துவோர் வெளியிட்ட பட்டியல்கள் அல்ல. இவற்றை முடித்தால் எல்லாம் முடிந்தது என்றும் நான் சொல்லவில்லை. துணையின்றித் தங்குதடையில்லாமல் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் என்ற அறிஞர் 2006-இல் கணக்கிட்டிருக்கிறார். அந்த எண்ணிக்கை படிக்கப் படிக்கத் தானே வளரும். ஆனால் அடித்தளம் எதுவென்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா? ஒரு நாளைக்குப் பத்துச் சொற்குடும்பங்கள், வாரத்திற்கு ஐந்து நாட்கள் என்று கற்றால், 570 சொற்குடும்பங்களைப் பன்னிரண்டு வாரங்களில் ஒருமுறை கடந்துவிடலாம்.

நம் கையில் இருக்கும் முதல்

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற பிள்ளை, தனக்கு ஆங்கிலமே தெரியாது என்று சொல்கிறது. அது உண்மையா என்று பார்ப்போம். கல்லூரியில் சேரும்போது நீங்கள் கொடுக்கும் தாள்கள் எவை? கம்யூனிட்டி சர்டிஃபிகேட், இன்கம் சர்டிஃபிகேட். காக்ஸ்ஹெட்டின் பட்டியலில் அதிகமாக வரும் முதல் அறுபது சொற்களில் 'இன்கம்' இருக்கிறது. அடுத்த அறுபதில் 'கம்யூனிட்டி' இருக்கிறது. அந்த முதல் அறுபதிலேயே 'லேபர்', 'கான்ட்ராக்ட்', 'லீகல்', 'பாலிசி', 'செக்‌ஷன்' ஆகியவையும் இருக்கின்றன. நம் தெருவில் இச்சொற்களைக் கேளாதவர் யார்?

அதே அறுபதில் 'கான்ஸ்டிட்யூட்' என்றொரு சொல் உண்டு. 'அமைத்தல், உருவாக்குதல்' என்பது அதன் பொருள். 'கான்ஸ்டிட்யூஷன்' அதன் பிள்ளை, 'கான்ஸ்டிட்யூஷனல்' பேரப்பிள்ளை, தொகுதியைக் குறிக்கும் 'கான்ஸ்டிட்யுவன்சி' மற்றொரு பிள்ளை. அண்ணல் அம்பேத்கரின் பெயரோடு இந்நாடு இணைத்துப் பேசும் சொல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை நாம் அயலாருடைய சொல் என்று சொல்லலாமா?

இவ்வாறு தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்குப் போவதே எளிய வழி. 'சர்டிஃபிகேட்' தெரிந்தால் 'சர்டிஃபை' வரும். அதிலிருந்து 'சர்டன்' என்ற உறவு விளங்கும். 'ஸ்காலர்ஷிப்' தெரிந்தால் 'ஸ்காலர்' வரும். 'ரிசர்வேஷன்' தெரிந்தால் 'ரிசர்வ்' வரும். நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் 'ரிசர்வாயர்' வரும்.

ஆனால் தமிழில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் சில சமயம் ஏமாற்றியும் விடும். ஆபரேஷன் என்றால் நமக்கு அறுவைச் சிகிச்சை மட்டுமே நினைவுக்கு வருகிறது. தேர்வுக் கட்டுரையில் ஒரு தொழிற்சாலை இயங்குவதும் 'ஆபரேஷன்'தான். நம் இளைஞர்கள் குறும்பு செய்பவனைப் பார்த்து 'அட்ராசிட்டி பண்ணுகிறான்' என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கொடுஞ்செயல், வன்கொடுமை என்று பொருள். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பெயரில் இருப்பதும் அச்சொல்லே. மற்றவர் எப்படிச் சொன்னாலும் நம் பிள்ளைகள் அதைக் குறும்புக்குச் சொல்லலாகாது.

ஒரு சொல்லை அறிதல் என்றால் என்ன?

ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி வைத்துவிட்டால் அதை அறிந்தவராகிவிட மாட்டோம். சொல்லுக்கு ஒலி உண்டு, எழுத்து உண்டு, குடும்பம் உண்டு, துணை உண்டு. இந்நான்கையும் அறிய வேண்டும்.

குடும்பம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழில் கல் என்ற வேரிலிருந்து கல்வி, கற்றவர், கற்பித்தல், கல்லாமை என்று பல சொற்கள் கிளைப்பதைப் போலவே ஆங்கிலத்திலும் கிளைக்கும். 'எகானமி' என்றால் பொருளாதாரம். 'எகனாமிக்' என்றால் பொருளாதாரம் சார்ந்த. 'எகனாமிக்கல்' என்றாலோ சிக்கனமான. 'எகனாமிக்ஸ்' என்பது துறையின் பெயர். 'எகானமிஸ்ட்' என்பவர் அத்துறை அறிஞர். 'எகனாமிக்', 'எகனாமிக்கல்' இரண்டையும் மாற்றி எழுதினால் நாட்டின் பொருளாதாரச் சிக்கல், சிக்கனமான சிக்கலாகிவிடும். ஒலியையும் கவனியுங்கள். 'எகானமி' என்னும்போது அழுத்தம் இரண்டாம் அசையில். 'எகனாமிக்' என்னும்போது மூன்றாம் அசையில். அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல் பிடிபடாது.

துணை என்பது மற்றொன்று. தமிழில் மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, வெயில் காய்கிறது என்கிறோம். மழை வீசுகிறது என்று எவரேனும் சொன்னால் பொருள் விளங்கினாலும் காது ஒப்புவதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே. பெருமழைக்கு 'ஹெவி ரெயின்' என்பர். பலத்த காற்றுக்கு 'ஸ்ட்ராங் விண்ட்' என்பர். இவற்றை மாற்றிப் போட்டால் ஒப்பாது. ஆராய்ச்சி செய்வதை 'டூ ரிசர்ச்' என்றோ 'கண்டக்ட் ரிசர்ச்' என்றோதான் சொல்ல வேண்டும். 'மேக் ரிசர்ச்' என்பது பிழை. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' வராது. ஆகவே சொல்லைத் தனியே எழுதாதீர்கள். துணையோடு எழுதுங்கள்.

மறதியை வெல்லும் பெட்டி

படித்தது மறந்துபோகிறது என்பது எல்லாரும் சொல்லும் குறை. மறதி மனித இயல்பு. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். கற்ற உடனே மறதி விரைவாக நிகழ்கிறது, பின்னர் மெதுவாகிறது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, இடைவெளி விட்டுப் படிப்பதே நிலைக்கிறது என்றும் அவர் கண்டார். ஆகவே தேர்வுக்கு முந்திய வாரம் விழித்திருந்து படிப்பதில் பயன் குறைவு.

இதற்குச் செலவில்லாத கருவி ஒன்று உண்டு. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் தம் நூலில் விளக்கியது அது. ஒரு செருப்புப் பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். பழைய திருமண அழைப்பிதழ்களைச் சிறு அட்டைகளாக வெட்டுங்கள். ஒருபுறம் ஆங்கிலச் சொல். மறுபுறம் பொருள், குடும்பம், துணைச் சொல், உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று. புதிய அட்டைகள் எல்லாம் முதல் அறையில் இருக்கட்டும். முதல் அறையை நாள்தோறும் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் அறைக்குப் போகும். அதை மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாருங்கள். மூன்றாம் அறையை வாரம் ஒருமுறையும், நான்காம் அறையை இரு வாரங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாம் அறையை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும். எந்த அறையில் தவறினாலும் அட்டை முதல் அறைக்கே திரும்பும். தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் படித்து நேரத்தை வீணாக்காமல், தெரியாததை விடாமல் பிடித்துக் கொள்ளும் ஏற்பாடு இது.

அட்டையில் எழுதும் வாக்கியம் உங்கள் வாழ்க்கையிலிருந்து வரட்டும். 'பெனிஃபிட்' என்ற சொல்லுக்கு, நூறு நாள் வேலையால் உங்கள் ஊர்ப் பெண்கள் பெற்ற பயனைப் பற்றி எழுதுங்கள். 'டிஸ்ட்ரிப்யூட்' என்ற சொல்லுக்கு, நியாய விலைக் கடையில் அரிசி வழங்குவதைப் பற்றி எழுதுங்கள். பேசுதல் பகுதியின் தொடக்கத்தில் தேர்வாளர் கேட்கப் போவதும் உங்கள் ஊர், வீடு, படிப்பு, வேலை இவற்றைப் பற்றித்தான். உங்கள் ஊரை நன்கு அறிந்தவர் நீங்களே. அதைச் சொல்லச் சொற்கள் மட்டும் வேண்டும்.

எதைப் படிப்பது?

பட்டியல் மட்டும் படித்தால் சொற்கள் காய்ந்த விதைகளாகவே கிடக்கும். நூலில் படிக்கும்போதுதான் அவை முளைக்கும். முதலில் பள்ளி மாணவர்க்கென எளிய ஆங்கிலத்தில் சுருக்கி எழுதப்பட்ட கதைநூல்களைப் படியுங்கள். ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து சொற்கள் தெரியவில்லை என்றால் அந்நூல் இப்போதைக்கு உங்களுக்கு உரியதன்று. எளிய நூலுக்கு இறங்குங்கள். அதில் வெட்கத்துக்கு இடமில்லை. தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியைத் தொடாமல், முன்னும் பின்னும் உள்ள வரிகளைக் கொண்டு பொருளை ஊகித்துப் பின் சரிபாருங்கள்.

அகராதியில் ஆங்கிலம் கற்போருக்கென்றே எழுதப்பட்டவை உண்டு. ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது மாணவர்க்காகத் தொகுத்த அகராதி 1942-இல் அங்கே வெளிவந்தது. அதுவே இன்று ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் பெரிய கற்போர் அகராதியாக வளர்ந்திருக்கிறது. எளிய சொற்களில் பொருளும், வாக்கியமும், துணைச் சொற்களும் அதில் கிடைக்கும்.

அதன்பின் அண்ணலின் எழுத்துகளுக்கு வாருங்கள். 'வெயிட்டிங் ஃபார் எ வீசா' என்ற சிறு நூல், தீண்டாமையால் தாம் பட்ட துன்பங்களை அவர் நேரிய, எளிய ஆங்கிலத்தில் எழுதியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அது பாடமாகப் பயன்பட்டிருக்கிறது. வீசாவுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளை அந்நூலைப் படித்தால், சொந்த நாட்டிலேயே வீசா வேண்டியவராக நிறுத்தப்பட்டவர் எழுதிய ஆங்கிலம் எத்தகையது என்று அறிந்துகொள்ளும். ஆங்கிலமும் வளரும்; மனமும் உரம் பெறும்.

சொல்லின் மானம்

சொல்வளம் என்பது தகுந்த சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஆகும். 1936-இல் லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்றின் மாநாட்டுக்காக அண்ணல் ஓர் உரை ஆயத்தம் செய்தார். அதன் கருத்துகளை அமைப்பாளர்கள் ஏற்க மறுத்ததால் மாநாடு நடைபெறவில்லை. அவரே அதை நூலாக அச்சிட்டார். அதன் தலைப்புக்கு அவர் 'ரிஃபார்ம்' என்ற சொல்லை எடுக்கவில்லை. அது சீர்திருத்தம், வீட்டுக்கு வெள்ளை அடிப்பதைப் போன்றது. அவர் எடுத்த சொல் 'அனைஹிலேஷன்'. இலத்தீன் மொழியில் 'நிஹில்' என்றால் ஒன்றுமில்லாதது. ஒன்றுமே எஞ்சாதபடி அழிப்பது என்பது அச்சொல்லின் பொருள். பின்னர் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவில் தீண்டாமையைச் சட்டத்தால் நீக்கியபோது இடம்பெற்ற சொல் 'அபாலிஷ்'. சட்டம் செய்யக்கூடியதற்கு ஒரு சொல், சமுதாயம் செய்ய வேண்டியதற்கு வேறொரு சொல். ஒரே பொருள் போலத் தோன்றும் சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எது?

மற்றொரு சொல்லையும் இம்மேடையில் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கில அகராதியில் 'பரையா' என்றொரு சொல் இருக்கிறது. எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர் என்று அதற்குப் பொருள் எழுதியிருக்கிறார்கள். உலகம் ஒதுக்கி வைத்த நாட்டைக் குறிக்கச் செய்தித்தாள்கள் அதைக் கூச்சமின்றி எழுதுகின்றன. பறை என்ற நம் தோற்கருவியின் பெயரிலிருந்து வந்த ஒரு மக்கட்பெயர், பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஏறி, பின்னர் இழிவைக் குறிக்கும் பொதுச்சொல் ஆக்கப்பட்டது. தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளை ஏதேனும் ஒரு நாள் அச்சொல்லைச் சந்திக்கத்தான் போகிறது. அன்று அது தலைகுனிய வேண்டாம். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்கு 'பறையன்' என்றே பெயர் சூட்டினார் என்பதை நினைத்துக் கொள்ளட்டும். இழிவென்று பிறர் சொன்னதையே தலைப்பாக நிமிர்த்தி வைத்த அந்தப் பெரியவர், 1930-இல் அண்ணலோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். ஒதுக்கப்பட்ட நிலையைச் சொல்ல 'ஐசொலேட்டட்', 'எக்ஸ்க்லூடட்' முதலிய சொற்கள் இருக்கின்றன. அவற்றை எழுதுவோம். அந்தச் சொல்லின் வரலாறு கேட்பவருக்கு, அதை ஆங்கிலத்திலேயே விளக்கிச் சொல்லும் ஆற்றலையும் பெறுவோம்.

கழகம் செய்ய வேண்டியவை

இறுதியாக, இக்கழகத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவதாக, கழகக் கட்டடத்தில் மாலையில் ஒரு மணி நேரம் ஆங்கில வாசிப்பு நேரம் என்று ஒதுக்குங்கள். இரண்டு நல்ல கற்போர் அகராதிகள், ஐம்பது எளிய வாசிப்பு நூல்கள், அண்ணலின் நூல்கள், ஒரு நாளேடு ஆகியவை தொடக்கத்திற்குப் போதும்.

இரண்டாவதாக, ஐவர் ஐவராகக் குழு அமைத்து, ஒருவர் அட்டையை ஒருவர் கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். தேர்வு எழுதி வென்ற அண்ணன்மார்களும் அக்காமார்களும் வாரம் ஒருநாள் வந்து பேச்சுப் பயிற்சி அளிக்கட்டும். பெண்பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் வீடு திரும்ப ஏற்ற நேரத்தை வகுத்துக் கொள்ளுங்கள். அவர்களை விட்டுவிட்டு நடக்கும் பயிற்சி பாதிப் பயிற்சியே.

மூன்றாவதாக, ஆறு மாதத் திட்டம் ஒன்றைச் சுவரில் எழுதி வையுங்கள். முதல் இரண்டு மாதங்களில் அடிப்படையான இரண்டாயிரம் சொற்களில் எவை தெரியும், எவை தெரியாது என்று பிரித்து, தெரியாதவற்றை முடிக்க வேண்டும். அடுத்த மூன்று மாதங்களில் 570 சொற்குடும்பங்கள். ஆறாம் மாதத்தில் முழு மாதிரித் தேர்வுகள். அதில் வேண்டிய மதிப்பெண் வந்த பிறகே கட்டணம் கட்டுங்கள். தேர்வு மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதையும் நினைவில் வைத்து நாள் குறியுங்கள்.

நான்காவதாக, தாட்கோ நிறுவனம் ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு இத்தகைய தேர்வுகளுக்கான பயிற்சிகளை அறிவிக்கும்போது, அச்செய்தி நம் தெருவின் கடைசி வீடு வரை சென்று சேர ஓர் உறுப்பினரைப் பொறுப்பாக்குங்கள். அறிவிப்பு வந்தது தெரியாமல் நாள் கடந்துவிட்டது என்ற சொல் இனி நம் வீடுகளில் ஒலிக்கக் கூடாது.

இளைஞர்களே, இத்தேர்வு உங்கள் அறிவை அளப்பதன்று. ஒரு மொழியில் உங்களுக்கு இன்றுள்ள பழக்கத்தை மட்டுமே அளக்கிறது. பழக்கம் எவருக்கும் பிறவியில் வருவதில்லை. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அது தாலாட்டோடு வருகிறது. நமக்கு அட்டைப் பெட்டியோடு வருகிறது. வந்து சேர்ந்தபின் இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. நீங்கள் அயல்நாடு போகாவிட்டாலும் இச்சொற்கள் வீணாவதில்லை. அரசாணையைப் படிக்கவும், நீதிமன்றத் தீர்ப்பைப் புரிந்துகொள்ளவும், ஆட்சிப்பணித் தேர்வு எழுதவும், தம்பி தங்கையருக்குச் சொல்லிக் கொடுக்கவும் அவை உதவும். தமிழை விட்டுத்தான் ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதும் இல்லை. தமிழில் தெளிவாக எண்ணத் தெரிந்தவருக்கே பிறமொழியிலும் தெளிவு வரும்.

ஆகவே, விழா முடிந்து வீடு சென்றதும் பழைய அழைப்பிதழ் ஒன்றைத் தேடியெடுத்துப் பத்து அட்டைகளாக வெட்டுங்கள். முதல் அட்டையில் 'கான்ஸ்டிட்யூட்' என்று எழுதுங்கள். மற்ற ஒன்பது சொற்களை நீங்களே தேர்ந்தெடுங்கள்.